பெண்மக்களின் உயரம் நிற்கும் பருவம்: அளந்தறிந்தோர் வரலாறு

தமிழ்ப் பாட்டியல் நூலார் பெண்டிர் பருவத்தைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுவகையாக வகுத்தனர். உலாப் பாடும் புலவர்க்கு இப்பகுப்பு இன்றியமையாதது. ஒவ்வொரு பருவத்துக்கும் வயதெல்லையும் வகுத்தனர். பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19 என்பது பலரும் அறிந்த கணக்கு. நூலுக்கு நூல் இக்கணக்குச் சிறிது வேறுபடும். இலக்கியத்துக்கு இது போதும். ஆனால், நம் கண்முன் நிற்கும் ஒரு பெண்பிள்ளை எந்த ஆண்டில் எந்தப் பருவத்தில் இருக்கிறாள் என்பதை நூற்பா முன்கூட்டிச் சொல்ல இயலாது.

“இவள் இன்னும் வளர்வாளா? இவ்வளவுதானா?” என்று தாய்மார் கேட்பதுண்டு. பெரியவளானதும் வளர்ச்சி நின்றுவிடும் என்பார் ஒரு சாரார். பதினெட்டு வயது வரை வளர்வாள் என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. இதன் உண்மையைக் காண மனிதர்க்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையே, தவறான அளவுகோலால் அளக்கப்பட்டு அல்லலுற்ற பெண்பிள்ளைகள் பலர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

எலும்பு எங்கே வளர்கிறது?

உயரம் என்பது பெரும்பாலும் கால் எலும்புகளும் முதுகெலும்பும் நீண்டதன் பயன். மரத்தின் கிளையைப் போல எலும்பு நுனியில் வளர்கிறதா, அல்லது இழுத்த மெழுகைப் போல முழுவதும் நீள்கிறதா என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் இதனை எளிய சோதனை ஒன்றால் கண்டறிந்தார். பாதி வளர்ந்த கோழிக்குஞ்சு ஒன்றின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு துளைகள் இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே இருந்த தொலைவோ அதே அரை அங்குலமாகவே இருந்தது. நடுப்பகுதி நீளவில்லை, முனைகளில்தான் வளர்ச்சி நடந்தது. தாவரங்களைப் பற்றி 1727இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சோதனையும் இடம்பெற்றது. பின்னர் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் பன்றியின் எலும்பில் ஈயக் குண்டுகளைப் பதித்து இதே முடிபைக் கண்டார்.

எலும்பின் முனையை ஒட்டி மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. அது புதுப்புதுக் குருத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழைய குருத்து எலும்பாக இறுகும். இவ்வாறு எலும்பு நீளும். ஒரு நாள் அத்தட்டு முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு பால் குடித்தாலும், எவ்வளவு ஊஞ்சல் ஆடினாலும் அவ்வெலும்பு நீளாது. ஆகவே, வளர்ச்சி எப்போது நிற்கிறது என்னும் வினா, இத்தட்டு எப்போது மூடுகிறது என்னும் வினாவேயாகும்.

ஒரு தந்தையின் ஏடு

பிரெஞ்சு நாட்டில் மோன்பெயார் என்னும் பிரபு ஒருவர் இருந்தார். 1759இல் தமக்கு ஒரு மகன் பிறந்ததும் அவன் உயரத்தை அளந்து எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மகனுக்குப் பதினெட்டு வயது நெருங்கும் வரை, 1777 வரை, அளந்தார். அவருடைய நண்பரும் இயற்கை நூல் வல்லாருமான பஃபன் அவ்வளவுகளைத் தம் நூலின் இணைப்பில் வெளியிட்டார். ஒரே குழந்தையைப் பிறப்பு முதல் இளமை முடியும் வரை தொடர்ந்து அளந்த முதல் ஏடு என்று அறிஞர் போற்றுவது இதனையே.

அந்த ஏட்டில் இரு செய்திகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, வளர்ச்சி ஆண்டுதோறும் ஒரே அளவாக இல்லை. குழந்தைப் பருவத்தில் விரைந்து, பின் தணிந்து, மீசை அரும்பும் காலத்தில் மீண்டும் விரைந்து, அதன்பின் அடங்கியது. இரண்டாவது, மகன் காலையில் சற்று உயரமாகவும் மாலையில் சற்றுக் குட்டையாகவும் இருப்பதைத் தந்தை கண்டார். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகள் பகலெல்லாம் அழுந்துவதே இதற்குக் காரணம்.

மோன்பெயார் அளந்தது ஒரு மகனை. ஒரு மகளை அவ்வாறு அளந்து எழுதிய தந்தை அக்காலத்தில் புகழ்பெறவில்லை. பெண்பிள்ளைகளின் உயரம் உலகின் கவனத்துக்கு வந்தது வேறொரு வழியில். அது அன்பின் வழியன்று.

ஆலை வாயிலில் அளவு

இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் சிறுவரும் சிறுமியரும் கூட்டங்கூட்டமாக வேலை செய்த காலம். 1833இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒன்பது வயது நிரம்பாதவரை ஆலையில் சேர்க்கலாகாது. 9 முதல் 13 வயது வரை உள்ளவர்க்கு வாரத்துக்கு 48 மணி வேலை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்க்கு நாளொன்றுக்குப் 12 மணி வேலை என அச்சட்டம் வரையறுத்தது. சட்டம் நன்று. ஆனால், பிள்ளையின் வயதை அறிவது எப்படி? அந்நாட்டில் பிறப்புப் பதிவு அரசாங்க முறையாகத் தொடங்கியது 1837இல்தான். கூலியை எண்ணி வயதைக் கூட்டிச் சொன்ன பெற்றோரும் இருந்தனர்.

பிள்ளையைப் பார்த்து, “இவ்வயதினர்க்குரிய வலிவும் தோற்றமும் உடையவள்” என்று மருத்துவர் சான்று கொடுப்பது முதலில் வழக்கமாயிற்று. பின்னர், ஆலை மேற்பார்வையாளராக இருந்த லியோனார்டு ஹார்னர் பல்லாயிரம் பிள்ளைகளை அளக்கச் செய்து, உயரத்தை வயதுக்கு அடையாளமாகக் கொள்ளலாம் எனக் கருதினார். அதே 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், உயரத்தை நம்பலாகாது, முளைத்துள்ள பற்களைப் பார்த்தால் வயதைச் செம்மையாக அறியலாம் எனச் சிறு நூல் ஒன்று எழுதினார்.

ஹார்னர் குழந்தைகளிடம் பரிவுடையவர். அவர் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஆயினும், அளவுகோல் பிழையானது. பெண்பிள்ளைகளில் ஒருத்தி 11 வயதிலேயே விரைந்து வளர்வாள். மற்றொருத்தி 14 வயதில்தான் வளரத் தொடங்குவாள். உயரத்தைக் கொண்டு வயதைக் கணித்தால், விரைவில் வளர்ந்த சிறுமி பன்னிரண்டு மணி வேலைக்கு உரியவள் ஆகிவிடுவாள். அவள் உடல் உயர்ந்ததேயன்றி வயது உயரவில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அன்று எவரும் அளந்திருக்கவில்லை.

பாஸ்டன் நகரத்து வழக்கு

பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெத்தலே 1835இல் மனிதனின் வளர்ச்சியைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். வெவ்வேறு வயதினரை அளந்து, சராசரி கண்டு, அச்சராசரிகளை ஒரு சீரான வளைகோட்டில் அமைத்தார். அக்கோட்டில் குமரப் பருவத்தின் திடீர் வளர்ச்சி தென்படவில்லை. மோன்பெயார் தம் ஒரே மகனிடம் கண்டதைக் கெத்தலே பலரிடம் காணாமற் போனார்.

இதற்கிடையே, பெண்பிள்ளைகளின் வளர்ச்சி கல்வித்துறையில் ஒரு வழக்காக மூண்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்டு கிளார்க் 1873இல் ஒரு நூல் எழுதினார். பூப்பெய்தும் ஆண்டுகளில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைப் போல இடைவிடாது படித்தால், உடலுக்குச் செல்லவேண்டிய ஆற்றல் மூளைக்குச் சென்று அவர்தம் பெண்மை கெடும் என்பது அவர் வாதம். அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பெண்கல்வியை விரும்பாதார் அதனைக் கையில் ஏந்தினர். மேரி புட்னம் ஜேக்கபி என்னும் பெண் மருத்துவர் பெண்கள் பலரிடம் வினாக்கள் விடுத்தும், நாடி முதலியவற்றை அளந்தும், கிளார்க்கின் கூற்றுக்கு ஆதாரமில்லை எனக் காட்டினார். 1876இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பாய்ல்ஸ்டன் பரிசு அவர் கட்டுரைக்குக் கிடைத்தது.

அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், ஹென்றி பௌடிச் என்னும் உடலியல் பேராசிரியர் வேறு வழியிற் சென்றார். பாஸ்டன் பள்ளிகளில் 24,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆசிரியர்களின் துணையுடன் அளந்து 1877இல் முடிபுகளை வெளியிட்டார். 13, 14 வயதை ஒட்டிச் சிறிது காலம் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட உயரமாக இருப்பதும், பின்னர் ஆண்பிள்ளைகள் முந்திச் செல்வதும் அதில் தெளிவாயின. பெண்பிள்ளை ஆண்பிள்ளையின் சிறிய உருவம் அல்லள். அவளுடைய வளர்ச்சிக்குத் தனிக் காலக்கணக்கு உண்டு என்பதை எண்கள் காட்டின.

எனினும், பௌடிச் அளந்ததும் ஒவ்வொரு வயதிலும் வெவ்வேறு பிள்ளைகளை. இம்முறையில் உள்ள இடையூற்றை 1890ஆம் ஆண்டுகளில் எடுத்துக் காட்டியவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் அவர். பிள்ளைகள் சிலர் விரைவாக முதிர்வர். சிலர் தாமதமாக முதிர்வர். ஒரே வயதில் இவ்விரு வகையினரையும் கூட்டிச் சராசரி கண்டால், ஒருத்தியின் வேகமும் மற்றொருத்தியின் ஓய்வும் ஒன்றில் ஒன்று மறைந்துபோம். சராசரிக் கோடு தாழ்ந்த குன்றைக் காட்டும். தனிப்பிள்ளையின் வளர்ச்சியோ செங்குத்தான மலையாக இருக்கும். எனவே, ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் அளக்கவேண்டும் என்றார் போவாஸ். மோன்பெயார் கண்ட வழிக்கே அறிவியல் திரும்பி வந்தது.

கையின் நிழற்படம்

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உயிருள்ள பிள்ளையின் எலும்பைக் கண்ணாற் காண வழி பிறந்தது. கையிலும் மணிக்கட்டிலும் சிறு எலும்புகள் பல உள்ளமையால், அங்கே ஒரு படம் எடுத்தால் பல குருத்துத் தட்டுகளை ஒருங்கே காணலாம். விரல் நுனி எலும்புகளின் தட்டுகள் முன்னே மூடுகின்றன. மணிக்கட்டில் உள்ள ஆரை எலும்பின் தட்டு பின்னே மூடுகிறது. அமெரிக்காவில் டாடு என்பார் 1937இலும், குரூலிக், பைல் என்னும் இருவர் 1950இலும் இத்தகைய படங்களை வயது வரிசையில் தொகுத்து வெளியிட்டனர். ‘எலும்பு வயது’ என்னும் புதிய கணக்கு இவ்வாறு நிலைபெற்றது. பள்ளிப் பதிவேட்டில் 13 வயதினளாக இருக்கும் ஒருத்தி எலும்பின்படி 11 வயதினளாக இருக்கலாம். 15 வயதினளாகவும் இருக்கலாம்.

ஹார்வர்டில் ஆண்டுதோறும் அளக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் ஏடுகளை எடுத்துக்கொண்டு, ஷட்டில்வொர்த் என்பார் 1937இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். பெண்பிள்ளைகளை வயதுப்படி அடுக்காமல், பூப்பெய்திய காலப்படி அடுக்கிப் பார்த்தார். குழப்பம் நீங்கியது. முன்னே பூத்தவரும் பின்னே பூத்தவரும், ஒவ்வொருவரும் தத்தம் பூப்புக்குச் சற்று முன்னர்தான் மிக விரைவாக வளர்ந்திருந்தனர்.

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் 1948 முதல் 1971 வரை நடந்த ஆய்வு இதனை உறுதி செய்தது. ஆய்வை நடத்தியவர் ஜேம்ஸ் டேனர். அளந்தவர் ரெஜினால்டு வொயிட்ஹவுஸ். கை மாறினால் அளவும் மாறும் என்பதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரே அளந்துவந்தார். அங்கிருந்த 192 பெண்பிள்ளைகளின் பருவ மாற்றங்களை மார்ஷலும் டேனரும் 1969இல் எழுதிய கட்டுரை, இன்றும் மருத்துவர் பயிலும் அடிப்படைக் கட்டுரையாகும்.

இன்று அறிந்த விடை

இத்தனை பேர் அளந்ததன் பயனாகக் கிடைத்த விடை இது. பெண்பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் பொதுவாக 12 வயதை ஒட்டி உச்சம் அடைகிறது. அவ்வாண்டில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வளர்வர். உச்சம் கடந்து வேகம் தணியத் தொடங்கிய பின்னரே பூப்பு நிகழ்கிறது. ஆகவே, பெரியவளானதும் வளர்ச்சி தொடங்குகிறது என்பதும் பிழை. அன்றோடு நின்றுவிடுகிறது என்பதும் பிழை. பூப்புக்குப் பின்னும் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகவும், மெல்ல வளர்வர். பெரும்பாலோர்க்கு 14 முதல் 16 வயதுக்குள் உயரம் முற்றுப்பெறுகிறது. தாமதமாகப் பூத்தவர் 17, 18 வயது வரையிலும் சிறிது வளர்வதுண்டு.

உறுப்புகளுக்கும் ஒரு வரிசை உண்டு. கையும் பாதமும் முதலில் நிற்கும். கால்கள் அடுத்து நிற்கும். முதுகெலும்பு இறுதியில் நிற்கும். காலணி அளவு மாறாமல் நின்ற பின்னும் பாவாடையும் சட்டையும் குட்டையாவது இதனால்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணையில் பெண்பிள்ளைகளின் நடு அளவு 12 வயதில் 151 சென்டிமீட்டர். 13 வயதில் 156. 15 வயதில் ஏறத்தாழ 162. 19 வயதில் 163. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையே ஓராண்டில் 5 சென்டிமீட்டர். பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையே நான்கு ஆண்டுகளில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே. ஆனால், போவாஸ் எச்சரித்தது இங்கும் பொருந்தும். இது பலரின் நடுக்கோடு; எந்த ஒரு பிள்ளையின் பாதையும் இதுவன்று.

வளர்ச்சியை நிறுத்த முயன்றோர்

குருத்துத் தட்டை மூடச் செய்வது யாது? பெண்மைக்குரிய சுரப்பு நீராகிய ஈஸ்ட்ரோஜன் என்பதை மருத்துவர் அறிந்தனர். அறிந்ததும் ஒரு விபரீதம் தொடங்கியது. 1956இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், மிக உயரமாகக்கூடிய பெண்பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து வளர்ச்சியைச் சுருக்கலாம் என எழுதினார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இம்முறை பரவியது. உயரமான பெண்ணுக்கு மணமகன் கிடைப்பது அரிது என்னும் பெற்றோரின் கவலையே இதற்குப் பெருங்காரணம். நோயில்லாத பெண்பிள்ளைகள், நல்ல உடலோடு வளர்ந்துகொண்டிருந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டனர். ஆஸ்திரேலியாவில் 1959 முதல் 1993 வரை உயரத்துக்காக மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்ட பெண்களைத் தேடிக் கண்டு விசாரித்த ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. மருந்து உண்டவர்க்குக் கருவுறுவதில் இடர்ப்பாடு மிகுந்திருந்ததை அவ்வாய்வு காட்டியது. மணவாழ்வுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து மகப்பேற்றுக்கே ஊறு செய்தது.

ஈஸ்ட்ரோஜனின் ஆற்றலை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் ஓர் ஆண்மகன் என்பது வியப்புக்குரியது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயதுடைய ஒருவரைப் பற்றி எழுதினர். அவர் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரந்தும், அதனை ஏற்கும் அமைப்புப் பழுதுபட்டிருந்தது. அவர் உயரம் 204 சென்டிமீட்டர். எலும்பு வயதோ 15. குருத்துத் தட்டுகள் மூடாமையால் அவர் அவ்வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் வளர்ச்சியை முடித்துவைப்பது ஒரே சுரப்பு நீர் என்பது அன்று தெளிவாயிற்று. பெண்ணுக்கு அது முன்னே பெருகுகிறது. ஆகவே அவள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னே நிற்கிறாள்.

உணவும் உயரமும்

பருவத்தின் கடிகாரம் குடிவழியால் மட்டும் ஓடுவதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பிய நாடுகளில் பூப்பு வயது சராசரியாக 16ஐ ஒட்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13ஐ ஒட்டி வந்தது. அக்காலத்து ஏழைப் பெண்பிள்ளைகள் மெல்ல வளர்ந்து, நெடுநாள் வளர்ந்து, முடிவில் குட்டையாகவே நின்றனர்.

அமெரிக்காவில் 1808 முதல், அடிமைகளைக் கடலோரமாகக் கப்பலில் கொண்டுசெல்வோர் ஒவ்வோர் அடிமையின் வயதையும் உயரத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. மனிதரைச் சரக்காக எழுதிய அந்த ஏடுகளை ரிச்சர்டு ஸ்டெக்கல் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் ஆராய்ந்தார். அடிமைக் குழந்தைகள் மிகமிகக் குட்டையாக இருந்தனர். குமரப் பருவத்தில் இழந்ததில் பெரும்பகுதியை ஈடுசெய்தனர். உழைக்கத் தொடங்கிய வயதில்தான் அவர்களுக்கு நல்ல உணவு கொடுக்கப்பட்டது என்பது அவர் கண்ட முதன்மைக் காரணம். குழந்தையின் பசியை அந்த ஏடுகள் சொல்லாமற் சொல்கின்றன.

உணவும் சுகாதாரமும் செம்மையுற்றால் நேர்வது என்ன என்பதற்குத் தென்கொரியா சான்று. 1896இல் பிறந்த பெண்களைவிட 1996இல் பிறந்த பெண்கள் அங்கே சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமானவர்கள் என 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறுகிறது. அந்நூற்றாண்டில் வேறெந்த நாட்டுப் பெண்களும் அவ்வளவு உயரவில்லை.

ஆசிரியர்க்கு இவ்வரலாற்றில் பயன் உண்டு. பெண்பிள்ளைகளை அளக்கும்போது காலணியைக் கழற்றி, எப்போதும் காலை வேளையிலேயே அளந்து, நாளையும் குறித்து வைத்தல் வேண்டும். ஓர் அளவால் ஒன்றும் தெரியாது. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் பலவற்றைச் சொல்லும். எட்டு வயதுக்கு முன்னரே பருவ மாற்றம் தோன்றினாலும், பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும், சிறு வயதிலேயே உயரம் ஏறாமல் நின்றாலும் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மற்றபடி, வகுப்பில் முன்னே நிற்கும் குட்டைப் பிள்ளையைக் கேலி செய்வதற்கும், உயர்ந்த பிள்ளையைப் பெரியவளாக எண்ணி அவள் வயதுக்கு மிஞ்சிய வேலையை ஏவுவதற்கும் நியாயமில்லை. “இவள் இன்னும் வளர்வாளா?” என்று தாய் வினவினால், “வயது என்ன?” என்று கேட்பதோடு அமையலாகாது. “சென்ற ஆண்டு எவ்வளவு உயரம்? பெரியவளாகி எத்தனை மாதம்?” என்பனவே அடுத்துக் கேட்கவேண்டிய கேள்விகள்.